அறுக்காமல் வைத்த வயல்

பினாங்கிலிருந்து நான் மெட்ராஸுக்குப் புறப்பட்டது, இன்னொருத்தியைப் பற்றி மேடையில் நல்லதாக நாலு வார்த்தை சொல்வதற்காக. அதற்கு விமான டிக்கெட் கொடுத்து என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். விமானம் தரை இறங்கும் முன்பே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

விஷயம் இதுதான். சமுதாயம் எப்படி மாறுகிறது என்று ஆராய்வது என் பிழைப்பு. வத்சலாவுக்கும் அதே பிழைப்பு. இங்கிலாந்தில் ஒரே பேராசிரியரிடம், ஒரே ஹீட்டருக்கு முன்னால் குளிர் காய்ந்துகொண்டு படித்தவர்கள் நாங்கள். அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டாள். நான் பிறந்து வளர்ந்தது போன்ற ஒரு ரப்பர் தோட்டத்தை நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் தொழிலின் வித்தை ரொம்பச் சின்னது. ஓர் ஊரில் போய்த் தங்கி வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். சில வருஷம் கழித்து அதே வீட்டுக் கதவைத் தட்டி அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். இரண்டு பதில்களுக்கும் நடுவில் இருப்பதுதான் மாற்றம்.

ஆனால் இரண்டாம் முறை தட்டுவதற்குக் கதவு இருக்க வேண்டுமே. என் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். பால்மரங்களை வெட்டி, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து, கோல்ஃப் மைதானம் போட்டார்கள். ஜனங்கள் மூலைக்கு ஒருவராகச் சிதறி அடுக்குமாடிகளில் ஏறிவிட்டார்கள். மாற்றத்தை ஆராயப் போனவன் வாயில் மாற்றமே மண்ணைப் போட்டது. வத்சலாவின் ஊர் மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. ஒவ்வொரு தை மாதமும் அவள் போனாள், கதவைத் தட்டினாள், கட்டுரை எழுதினாள். பொறாமை என்பதற்குப் பதிலாக வேறு கௌரவமான சொல் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

1991 தை மாதக் கருத்தரங்கில் அவள் ஒரு பெரிய கட்டுரை படிக்கவிருந்தாள். அதற்குக் கருத்துரை சொல்வது என் வேலை. “அதுக்கு முன்னாடி வாயேன், என் ஊரைக் காட்டறேன்” என்று கடிதம் போட்டிருந்தாள். என் ஊராம்!

கிராமத்துக்குப் புறப்பட்ட முதல் நாள் பாரிமுனையில் பஸ் பிடித்தோம். சீட்டிலிருந்து கம்பி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பூந்தமல்லி தாண்டுவதற்குள் என் புதுக் கால்சட்டை கிழிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, “ஃபாரின் துணியா சார்? நல்ல துணி. கிழிஞ்சாலும் நேரா கிழிஞ்சிகீது” என்று ஆறுதல் சொன்னார். எங்கள் ஊர் பஸ்ஸில் ஒருவர் கிழிசலை இன்னொருவர் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கிப் பொங்கல், வடை. மிளகை முழுதாகப் போட்டிருந்தார்கள், நெய்யைக் கஞ்சத்தனம் இல்லாமல் விட்டிருந்தார்கள். பினாங்கில் கெட்டிப் பாலை ஊற்றிக் கறுப்பாகக் கலக்கித் தரும் கோப்பிக்குப் பழகிய நாக்கு எனது. இங்கே டம்ளர் விளிம்பு வரைக்கும் நுரை. மூக்கில் ஒட்டியது. வத்சலா அதை ஒரு சொட்டு சிந்தாமல் ஆற்றிக் குடித்ததைப் பார்த்தபோது, அதற்கும் கொஞ்சம் பொறாமைப்பட்டேன் என்று நினைக்கிறேன்.

ஊரின் உண்மைப் பெயரை நானும் எழுத மாட்டேன். ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில், சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஆராய்ச்சியில் ஊரைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கப் பொய்ப்பெயர் வைப்பது எங்கள் வழக்கம். வத்சலா வைத்தது பூந்தாங்கல். பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரிலேயே ஒரு டீக்கடை. பச்சைப் பெயிண்டில் பெயர்ப்பலகை: பூந்தாங்கல் டீ ஸ்டால்.

“அம்மா புஸ்தகத்துல வச்ச பேரு சார்” என்றார் கடைக்காரர். “கேக்க நல்லா இருந்துச்சு. நாமளே போட்டுகினோம்.”

வத்சலா வெட்கத்தோடு சிரித்தாள். ஊரை மறைக்க வைத்த பெயரை ஊரே ஏணி போட்டு ஏறி மாட்டிவைத்திருக்கிறது. என் தோட்டத்துக்கு நான் வைத்த பொய்ப்பெயர் என் மனைவிக்கே ஞாபகம் இல்லை.

ஏழுமலை என்பவர் வீட்டில் தங்கல். ஐம்பது வயசு இருக்கும், நெல் விளைவிக்கிறவர். மனைவி கன்னியம்மா. தங்கை தேவகி, கணவன் இறந்தபின் அண்ணனோடு இருக்கிறாள். வத்சலா வாசலில் கால் வைத்ததும் கன்னியம்மா ஓடி வந்து அவள் தாடையைப் பிடித்து, “இன்னாம்மா இப்டி எளைச்சிப் பூட்ட! அந்த காலேஜுல சோறு போடலியா?” என்று கேட்டாள். என் பக்கம் திரும்பியதும் குரல் மாறியது. “வாங்க சார். உக்காருங்க சார்.” எனக்கு மடக்கு நாற்காலி. வத்சலாவுக்கு அடுப்பங்கரையில் பலகை. மரியாதை எல்லாம் எனக்கு வந்து சேர்ந்தது, மற்றதெல்லாம் அவளுக்குப் போனது.

ஏரியில் பிடித்த விரால் மீனைக் குழம்பு வைத்திருந்தார்கள். புளியும் மாங்காயும் போட்டு, மண்சட்டியில். என் ஆயுளில் அப்படி ஒரு மீன் குழம்பு தின்றதில்லை. தலைத் துண்டு வத்சலாவுக்கு, நடுத்துண்டு வத்சலாவுக்கு, எனக்கு வால். கேட்டு வாங்க வெட்கமாக இருந்ததால் குழம்பை இரண்டு முறை ஊற்றச் சொன்னேன்.

சாப்பிட்டு முடித்ததும் வத்சலா தன் கட்டுரையின் சாரத்தைச் சொன்னாள். நாட்டில் எல்லா இடத்திலும் வயல் வேலை கூலிக்கு மாறிவிட்டது. பூந்தாங்கலில் மட்டும் மாறவில்லை. இன்று என் வயலுக்கு நீ, நாளை உன் வயலுக்கு நான் என்று வீட்டுக்கு வீடு ஆள் போய் அறுத்துக் கொடுக்கிறார்கள். பக்கத்தில் கம்பெனிகள் வர ஆரம்பித்திருக்கின்றன, இரண்டொரு பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். அப்படியும் இந்தப் பழக்கம் அசையவில்லை. ஏன் அசையவில்லை என்பதுதான் கட்டுரை. நிஜமாகவே நல்ல கட்டுரை. அவள் பெயரை உலகத்தில் நாலு பேர் சொல்லப்போகிறார்கள் என்பது கேட்ட மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை வயலுக்குப் போனோம். சுற்றிலும் எல்லா வயலும் அறுத்து முடிந்து வெறும் தாளாக நின்றன. நடுவில் ஏழுமலையின் வயல் மட்டும் முற்றிப்போய், கதிர் தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. வரப்பில் நடந்தபோது காற்றடித்த பக்கம் நெல் உதிர்ந்து கிடந்ததை நானே பார்த்தேன்.

“இவ்வளவு முற்ற விடலாமா?” என்று ஏழுமலையைக் கேட்டேன்.

“அம்மா வருதுன்னு வச்சிகினு கீறோம் சார். அது வராம எப்டி அறுக்கறது?”

ஒரு ஆராய்ச்சிக்காரிக்காக ஒரு வயல் காத்திருக்கிறது. எனக்காக ஒரு பஸ் கூட ஒரு நிமிஷம் நின்றதில்லை.

ஏரிக்கரையில் வெளியூர் ஆட்கள் ஒரு கூட்டமாக அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் சாக்கு மூட்டைகள், அரிவாள்கள். யார் என்று கேட்டேன். “அவங்க செய்யாறு பக்கம் சார், வழியில போறவங்க” என்று சொல்லிவிட்டு ஏழுமலை என் முழங்கையைப் பிடித்து வேறு பக்கம் திருப்பினார். மரியாதைக்குத் தூரத்தில் நின்ற மனுஷன் என்னைத் தொட்டது அப்போதுதான். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

அறுப்பு தொடங்கியது. வீட்டுக்கு ஓர் ஆளாக வந்திருந்தார்கள், பெண்கள்தான் அதிகம். ஒரே கேலியும் சிரிப்புமாக இருந்தது. வத்சலா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்களோடு இறங்கி அறுத்தாள், நடுவில் ஏறிவந்து படம் எடுத்தாள், மறுபடியும் இறங்கினாள். நான் வரப்பில் குடை பிடித்து நின்றேன். சிறிது நேரத்தில் தேவகி “ஐயோ” என்று கையை உதறினாள். அரிவாள் விரலில் பட்டுவிட்டது. மற்ற பெண்கள் பதறவில்லை, விழுந்து விழுந்து சிரித்தார்கள். “மறந்துட்டா, மறந்துட்டா” என்று ஒருத்தி கத்தினாள், இன்னொருத்தி அவள் வாயைப் பொத்தினாள். வத்சலா ஓடிப்போய்த் தன் நீலப்பூப் போட்ட கைக்குட்டையைக் கிழித்து விரலில் கட்டிவிட்டாள்.

மத்தியானம் சோறு பரிமாறியது தேவகிதான். ரசம் ஊற்றக் குனிந்தபோது அவள் கையிலிருந்து ஒரு வாசம் வந்தது. சீரகம் இல்லை, பூண்டு இல்லை. என் மூக்குக்கு அது ரொம்பப் பழக்கமான வாசம். ரப்பர். கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் தோட்டத்தில், பால் பிடிக்கும் மங்கும் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலுமாக வளர்ந்தவனை அந்த விஷயத்தில் யாரும் ஏமாற்ற முடியாது. ரப்பரைப் பெட்ரோலில் கரைத்தால் வருகிற வாசம் அது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன்.

“சைக்கிள் ட்யூப் ஒட்டினீங்களா?” என்று கேட்டேன்.

அவள் கையைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். “ஆமா சார், ட்யூபு” என்றாள். அந்த வீட்டில் நான் சைக்கிளையே பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் வத்சலா யாரையோ பார்க்கக் காஞ்சிபுரம் போனாள். வீட்டுக்குப் போன் பேச நான் படப்பைக்குப் போனேன். பெட்டி போலிருந்த அறைக்குள் வியர்த்துக்கொண்டு நின்று, மனைவியிடம் “இங்கே மீன் நன்றாக இருக்கிறது” என்றேன். “அப்படியா, இங்கே மழை” என்றாள். அதோடு லைன் அறுந்துவிட்டது.

திரும்பி வரும்போது சேரப்பணஞ்சேரி பக்கத்தில் பஸ் புகை கக்கி நின்றது. எல்லோரும் இறங்கினோம். டிரைவர் முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, கடவுளிடம் ஒப்படைத்தவர் போல ஒதுங்கிப் போய் பீடி பற்றவைத்தார். “அட்த்த வண்டி எப்போ?” என்று ஒருவர் கேட்டார். “அது வந்தா தெரியும்” என்றார் கண்டக்டர். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அப்போது படப்பைப் பக்கமிருந்து ஒரு வெள்ளை வேன் வந்தது. கை காட்டினேன். நின்றது.

கதவைத் திறந்ததும் வாசம் முகத்தில் அடித்தது. ரப்பர் சொல்யூஷன், தோல், மல்லிகைப்பூ. உள்ளே முழுக்கப் பெண்கள், எல்லோர் மடியிலும் டிபன் பாக்ஸ், மேலே காக்கிக் கோட்டு. ஒரு நொடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நேற்று வயலில் அறுத்த முகங்கள். ஜன்னலோரத்தில் தேவகி, விரலில் நீலப்பூக் கைக்குட்டை.

கடைசியில் ஒருத்தி பொத்திக்கொண்டிருந்த சிரிப்பை விட்டாள். அது வேன் முழுக்கப் பரவிவிட்டது.

“உக்காருங்க சார்” என்று தேவகி நகர்ந்து இடம் கொடுத்தாள். “தெரிஞ்சி பூட்ச்சி, இனிமே இன்னா.”

அவள் சொன்னாள். சாலைக்கு அந்தப் பக்கம் ஷூ கம்பெனி வந்து சில வருஷம் ஆகிறதாம். அடிப்பாகத்தை ஒட்டுகிற லைனில் வேலை. ஊரில் பாதி வீட்டுப் பெண்கள் அங்கேதான். ஆண்கள் பட்டறைக்கும் செங்கல் சூளைக்கும் போய்விட்டார்கள். நிலத்தையெல்லாம் குத்தகைக்கு விட்டாயிற்று. செய்யாறு பக்கத்து ஆட்கள் வந்து கூலிக்கு அறுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வத்சலா வருகிற வாரத்துக்காக ஏழுமலை வயலை மட்டும் விட்டுவைப்பார்கள். அம்மா வருகிற தேதி தெரிந்ததும் எல்லோரும் கம்பெனியில் லீவு போடுவார்கள்.

“லீவா?”

“பின்ன? சூப்பர்வைசராண்ட ஒருத்தி காய்ச்சலுன்னு சொன்னா, ஒருத்தி நாத்தனாருக்கு வளைகாப்புன்னா. ஒரே லைன்ல இத்தினி பேரு லீவு கேட்டா அந்தாளு கத்த மாட்டானா? இன்னிக்கி இந்த வெரலப் பாத்துட்டு, காய்ச்சலுக்கு வெரல்லயா கட்டு போடுவாங்கன்னு கேட்டான்.”

மறுபடியும் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. “ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

தேவகி வெளியே பார்த்தாள். “எங்க வூட்டுக்காரு செத்தப்போ அம்மா மெட்ராஸுலேருந்து வந்து எங்கூடவே படுத்துகினு இருந்துது சார். நாங்க பேச மாட்டோம், அது பாட்டுக்குக் கையப் புடிச்சிகினு கெடக்கும். ஆனா அது வரதே இந்த அறுப்புக்குத்தான? எப்ப வந்தாலும் அறுப்பு எப்போ, யாரு யாரு போனீங்க, அதுதான் பேச்சு. அறுப்பே இல்லன்னா இங்க அதுக்கு இன்னா வேல? வராம பூடும்.”

தேவகி என் பக்கம் திரும்பினாள்.

“அம்மாண்ட சொல்லாதீங்க சார்” என்றாள். “சொல்லி அது வராம பூட்ச்சின்னா உங்களத்தான் கேப்போம்.”

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பது எனக்கே தெளிவாக இல்லை. வேனை விட்டு இறங்கி நடந்தபோது என் மனம் துள்ளியது, அதை மறைப்பானேன். வத்சலாவின் கட்டுரை என் பைக்குள் வந்துவிட்டது. மாறாத ஊர் என்று அவள் எழுதியது தலை முதல் கால் வரை மாறிவிட்ட ஊர். மாறாத அந்த ஒரு வாரமும் அவளுக்காகவே போட்ட வேஷம். கருத்தரங்கில் எழுந்து, மெல்லிய குரலில், வருத்தத்தோடு சொன்னால் போதும். அவள் வருஷக்கணக்கில் கட்டியது கீழே வந்துவிடும். நாங்கள் இருவரும் சமமாகிவிடுவோம். அன்று மீன் குழம்பில் வால் துண்டு கிடைத்ததற்குக்கூட நான் வருந்தவில்லை.

நான்காம் நாள் புறப்பட்டோம். கன்னியம்மா வத்சலாவின் பையில் புது நெல்லரிசியும் வேர்க்கடலையும் திணித்தாள். என்னைப் பார்த்து, “நல்லபடியா போய்ச் சேருங்க சார்” என்றாள். தேவகி தூரத்தில் நின்று என்னையே பார்த்தாள். நான் செருப்பு வாரைச் சரி செய்வது போலக் குனிந்துகொண்டேன்.

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறினோம். ஜன்னலோரம் கிடைத்த சந்தோஷத்தில் வத்சலா தன் கட்டுரையின் கடைசிப் பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். முடித்துவிட்டு என் கையைத் தட்டினாள்.

“உன்னை நினைச்சாத்தான் பாவமா இருக்கு மாணிக்கம். உனக்கும் இப்படி ஒரு ஊர் நிலைச்சிருந்தா எவ்வளவோ எழுதியிருப்பே.”

கருத்தரங்கு வரைக்கும் பொறுத்திருக்கலாம். அந்தப் பரிதாபத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். வேன், காக்கிக் கோட்டு, செய்யாறு ஆட்கள், குத்தகை, காய்ச்சல், வளைகாப்பு, ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது உடைவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

அவள் மடியில் இருந்த தாள்களைப் பார்த்தாள். கட்டுரை போய்விட்டது என்று அவளுக்குப் புரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“தேவகி லீவு போட்டாளா?”

“எல்லோரும் போட்டார்கள்.”

“நெல்லு கொட்டக் கொட்ட அப்படியே விட்டு வச்சிருந்தாங்களா?”

“ஆமாம்.”

“அறுப்பு இல்லைன்னா நான் வரமாட்டேன்னா நினைச்சாங்க?”

“அப்படித்தான் சொன்னாள்.”

வத்சலா அழுதாள். அழுகை என்றால், கல்யாணப் பெண் அழுவது மாதிரி. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, முகம் முழுக்க வெளிச்சம். அத்தனை வருஷத்தில் அவளை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. தண்டலம் நிறுத்தம் வந்தது. அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“எங்கே போகிறாய்? நாளைக்குக் கருத்தரங்கு!”

“அறுப்பு இருந்தாலும் இல்லாட்டாலும் வருவேன்னு போய்ச் சொல்லணும். அவங்க இன்னும் ஒரு நாள் பயந்துகிட்டு இருந்தாக்கூட எனக்கு ஆகாது.” கட்டுரையை என் மடியில் போட்டாள். “இதைப் படி, இல்ல கிழிச்சுப் போடு. உன் இஷ்டம்.” இறங்கும் முன் திரும்பினாள். “ரொம்ப தேங்க்ஸ்டா.”

லாரிகளுக்கு நடுவில் ஓடிச் சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸுக்குக் கை நீட்டினாள். அது அவளுக்காக நின்றது.

“அம்மாவுக்கு இன்னா சார் ஆச்சு?” என்று கண்டக்டர் கேட்டார். “நீங்க எறங்கல?”

இல்லை என்றேன். அவர் விசில் கொடுத்தார். காலியான இடத்தில் ஒருவர் பலாப்பழத்தோடு வந்து உட்கார்ந்தார். நான் மடியில் கிடந்த தாள்களைப் புரட்டிக்கொண்டு, இடித்துப் போட்ட என் தோட்டத்து முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். யார் யாரிடம் என்னென்ன கேட்டேன், யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாம் ஞாபகம் வந்தது. அவர்கள் ஒருவர்கூட என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை.